பத்திரம், பிடி, பலன்: ஒரு பண்ணை கைமாறும்போது என்னென்ன கைமாறுகிறது?

2024 நவம்பரில் பிரிட்டன் விவசாயிகள் லண்டனில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். விவசாய நிலத்துக்கு இருந்த வாரிசு வரி விலக்கை அக்டோபர் 30 பட்ஜெட்டில் அரசு சுருக்கியதுதான் காரணம். அதுவரை பண்ணை எவ்வளவு பெரியதானாலும் பெரும்பாலும் முழு விலக்கு கிடைத்து வந்தது. புதிய அறிவிப்புப்படி 2026 ஏப்ரல் முதல் 10 லட்சம் பவுண்டு மதிப்பு வரைதான் முழு விலக்கு. அதற்கு மேல் பாதி விலக்கு, அதாவது 20 சதவீத வரி. எதிர்ப்பு ஓயவில்லை. 2025 டிசம்பரில் அந்த வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்துவதாக அரசு சொன்னது.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே குழப்பம்: இவ்வளவு சொத்து வைத்திருப்பவர்களிடம் வரி கட்டப் பணம் இருக்காதா? பல பண்ணைகளில் நிஜமாகவே இருக்காது. நிலத்தின் விலை ஒரு கணக்கில் ஏறுகிறது, அந்த நிலம் தரும் வருமானம் வேறொரு கணக்கில் ஊர்கிறது. வரி இந்த இடைவெளியை வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவுதான். வாரிசு வரியே இல்லாத நாடுகளிலும் தலைமுறை மாறும்போது பண்ணைகள் உடைகின்றன. அது ஏன்? மண்ணை மீண்டும் வளமாக்கப் பல ஆண்டு பாடுபட்ட பண்ணைகளில் அது ஏன் கூடுதலாக வலிக்கிறது? நிலத்தைப் பகிர்ந்து பயிர்செய்யும் ஏற்பாடுகளால் இதில் ஏதாவது தீருமா? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. மண் மீட்பு விவசாயம். 'ரீஜெனரேட்டிவ்' என்று பேசப்படுவது இதுதான். எல்லோரும் ஏற்கும் சட்ட வரையறை கிடையாது. ஆனால் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் சில நடைமுறைகள் உண்டு: மண்ணைக் கிளறுவதைக் குறைப்பது, வெற்று நிலமாக விடாமல் மூடாக்கோ (மண்ணின் மேல் போர்த்தும் இலைதழை, வைக்கோல்) பயிரோ போட்டு வைப்பது, பல பயிர்களைக் கலப்பது, ஆண்டு முழுக்க உயிருள்ள வேர் மண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, ஆடுமாடுகளை இடம் மாற்றி மாற்றி மேயவிடுவது. இயற்கை விவசாயத்துக்கு இது நெருங்கிய சொந்தம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே எதைப் போடக்கூடாது என்பதில் கண்டிப்பு. இங்கே மண் போன வருடத்தைவிடத் தேறியிருக்கிறதா என்பதில் அக்கறை.

2. குடும்பப் பண்ணை. பரப்பளவை வைத்துச் சொல்வதில்லை. முடிவெடுப்பதும் பெரும்பகுதி உழைப்பும் ஒரு குடும்பத்திடம் இருந்தால் அது குடும்பப் பண்ணை.

3. நிலப் பகிர்வு. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். அல்லது ஒரே நிலத்தில் பலர் பல தொழில் செய்கிறார்கள். செலவு, விளைச்சல், நஷ்டம் எல்லாவற்றையும் ஓர் உடன்பாட்டின்படி பங்குபோட்டுக்கொள்கிறார்கள். குத்தகையும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வார முறையும் இந்தக் குடும்பத்தின் பெரியவர்கள்.

4. வாரிசுத் திட்டம். உயில் என்று மட்டும் புரிந்துகொண்டால் தப்பு. ஒருவர் இறந்த பிறகு என்ன நடக்கும் என்பதை உயில் சொல்கிறது. அவர் உயிரோடு இருக்கும் கடைசி 15, 20 ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதை வாரிசுத் திட்டம் சொல்கிறது.

கொடுக்க ஆள் எங்கே?

அமெரிக்காவின் 2022 விவசாயக் கணக்கெடுப்பில் விவசாயிகளின் சராசரி வயது 58.1. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-ல் பண்ணைகளை நடத்தியவர்களில் 40 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 12 சதவீதம். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பாதிக்கு மேல். ஜப்பானில் விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது அதே ஆண்டில் ஏறக்குறைய 68.

இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இதை முடித்துவிடுவது சுலபம். அது பாதி உண்மைதான். ஆர்வம் உள்ள பலரிடம் நிலம் இல்லை. நிலம் உள்ள பலரின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அயர்லாந்தில் 'லேண்ட் மொபிலிட்டி சர்வீஸ்' என்று ஒரு சேவையே நடக்கிறது. வரன் பார்ப்பது போல இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, குத்தகையோ கூட்டோ முடித்துவைப்பது அதன் வேலை.

பத்திரத்தில் ஏறாத முதலீடு

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலங்கள், நடுவில் ஒரு வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியின் இந்தப் பக்கம் மண்வெட்டியை இறக்கினால் ஒரு சாண் ஆழத்தில் கணீரென்று நிற்கிறது. புரட்டினால் மண் தகடு தகடாகப் பெயர்கிறது. அந்தப் பக்கம் இறக்கினால் முழுசாக இறங்குகிறது. எடுத்த மண் கடுகும் பட்டாணியுமாக உதிர்கிறது, மண்புழு போன ஓட்டைகள் தெரிகின்றன, வேரை உதறினாலும் மண் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் முதல் நிலத்தில் தண்ணீர் ஓடும், இரண்டாவதில் இறங்கும். பத்திரத்தில் இரண்டும் ஒரே பரப்பு, ஒரே வகைப்பாடு. விற்கப்போனால் விலையிலும் அனேகமாக அதிக வித்தியாசம் இருக்காது.

மண் மீட்பு செய்யும் குடும்பத்தின் சொத்தில் ஒரு பெரிய பகுதி இப்படிக் கணக்கில் வராமல் கிடக்கிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. சேர்வது மெதுவாக, போவது சீக்கிரமாக. மண்ணில் கரிமப் பொருள், அதாவது மக்கிய இலை, வேர் போன்றவை, கண்ணுக்குத் தெரியும் அளவு கூட வருஷக்கணக்கில் ஆகும். பூஞ்சை இழைகளும் வேர்களும் சேர்த்துப் பிடித்துவைத்த மண் திரட்சியைக் குலைக்க ஓர் ஆழ உழவு போதும். புது உரிமையாளருக்குப் பழைய முறை பிடிக்கவில்லை என்றால், அல்லது யாருமே சொல்லித் தரவில்லை என்றால், பத்தாண்டு வேலை ஒரே பருவத்தில் பின்னுக்குப் போய்விடலாம்.

2. செலவு முன்னால், வரவு பின்னால். முறையை மாற்றும் முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் சறுக்குவது உண்டு. இயற்கைச் சான்றிதழும் வேண்டும் என்றால், அமெரிக்க விதிப்படி தடைசெய்த பொருள் எதுவும் 3 ஆண்டு படாத நிலத்தின் அறுவடையைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். வரிசை வரிசையாக மரம் வைத்துப் பயிர்செய்கிறவர்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். மரத்துக்காக வால்நட் நடுகிறவர் தன் பேரப்பிள்ளையின் சார்பில் நடுகிறார் என்றே சொல்லலாம்.

3. அடுத்தவர் நிலத்தில் யாரும் முதல் போட மாட்டார்கள். 2014-ல் அமெரிக்க விவசாயத் துறை எடுத்த கணக்கில், அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களின் பண்ணை நிலத்தில் 39 சதவீதம் வாடகையில் இருந்தது. அந்த வாடகை நிலத்தில் 80 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் விவசாயம் செய்யாதவர்கள். அடுத்த வருடம் இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் மூடாக்குக்குச் செலவு செய்வாரா? செய்யவில்லை என்று அவரைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது சிக்கல் புதிதும் அல்ல. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே குத்தகைதாரர்கள் இதைக் கேட்டார்கள்: நான் போட்ட எருவின் சத்து இன்னும் மண்ணில் இருக்கும்போது என்னை வெளியேற்றினால், அந்தச் சத்துக்கு யார் காசு கொடுப்பது? 1875-ல் ஒரு சட்டம் வந்தது; நில உரிமையாளர்கள் விரும்பினால் அதிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று இருந்ததால் பெரிய பயன் இல்லை. 1883 சட்டம் இழப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எவ்வளவு இழப்பீடு என்று கணக்கிட, ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் லாஸும் கில்பர்ட்டும், எந்தத் தீவனம் மாட்டுக்குப் போட்டால் அதன் எருவில் எவ்வளவு சத்து எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார்கள். மண்ணில் சேர்ந்ததை விலையாக எழுத முடியும் என்பதற்கு இது பழைய சாட்சி. இன்றைய ஒப்பந்தங்களில் இது எப்படி வரலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்று சாவிகள்

பண்ணையை ஒப்படைப்பது என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே மூன்று தனித்தனிச் சாவிகள் இருக்கின்றன. பத்திரம்: நிலம் யார் பெயரில்? பிடி: என்ன விதைப்பது, எதை விற்பது, எதற்குக் கடன் வாங்குவது என்று முடிவு யார் கையில்? பலன்: வருகிற பணம் யார் வீட்டுக்கு?

இந்த மூன்றும் ஒரே நாளில் கைமாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் திட்டம் என்று எதுவும் இல்லாததால், மூன்றும் ஒரு மரணத்தன்று மொத்தமாகக் கைமாறுகின்றன. அதற்கு முன்பு 20, 25 ஆண்டுகள் பிள்ளையிடம் இருந்தது நான்காவது ஒன்று மட்டும்: வேலை. ஐம்பது வயதில் ஒரு மகன் செக்கில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லாமல், உரக் கடையில் அப்பா பேரைச் சொல்லிக் கணக்கு எழுதவைத்துக்கொண்டு இருப்பது பல நாடுகளில் காணக்கூடிய காட்சி. அப்பா போனதும் அவர் முதல்முறையாக ஒரு முடிவை எடுக்கிறார். அப்போது தவறு செய்தால் திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

மண் மீட்பு பண்ணையில் பிடியை முன்கூட்டியே கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தத் துண்டில் மழைக்குப் பின் எத்தனை நாள் மாடு இறக்கக்கூடாது, எந்த மூலையில் களை வந்தால் எது குறைகிறது என்று அர்த்தம் என்பதெல்லாம் எழுதிவைத்த அறிவு அல்ல. பக்கத்தில் நின்று பார்த்துப் படியும் அறிவு. நாலைந்து பருவம் இளையவர் முடிவெடுத்து, மூத்தவர் கூடவே இருந்து வாயைக் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் அது கைமாறும். வாயைக் கட்டுவதுதான் கடினம்.

ஆகவே, சரியான வரிசை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்லலாம்: முதலில் பலனில் ஒரு பங்கு, அப்புறம் ஒரு துண்டு நிலத்திலோ ஒரு தொழிலிலோ முழுப் பிடி, பிறகு பண்ணை முழுக்கப் பிடி, பத்திரம் கடைசியில். நடைமுறையில் குடும்பங்கள் சண்டை போடுவதோ பத்திரத்தில் தொடங்கி.

சமமும் நியாயமும் ஒன்றா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பண்ணையின் சந்தை விலை 300 என்று வைத்துக்கொள்வோம். அலகு எதுவானாலும் சரி. உழைப்பவரின் கூலி உட்பட எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு மிஞ்சுவது 6. மூன்று பிள்ளைகள். மூத்தவள் 14 ஆண்டாகப் பண்ணையில் இருக்கிறாள். தம்பிகள் இருவரும் வெளியே வேலையில்.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 100. பண்ணையை உடைக்காமல் நடத்த நினைக்கும் மூத்தவள், தம்பிகளுக்கு 200 கொடுக்க வேண்டும். கடன் வாங்கினால் 5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு வட்டி மட்டும் 10. பண்ணை தருவது 6. நிலத்தில் ஒரு பகுதியை விற்காமல் முடியாது. விற்றால் மிச்ச நிலத்தின் வருமானம் இன்னும் குறையும்.

இப்போது அதே பண்ணையை, விற்றால் எவ்வளவு என்று பார்க்காமல், விளைவித்தால் எவ்வளவு என்று மதிப்பிடுவோம். 5 சதவீதக் கணக்கில் 6 தருவது 120 மதிப்புள்ளது. ஆளுக்கு 40. தம்பிகளுக்கு 80. வட்டி 4, அசலுக்கு 2. இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆண்டில் கடன் தீரும். பண்ணை பிழைக்கிறது. ஆனால் தம்பிகள் 100-க்குப் பதில் 40 வாங்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வருடமே அக்கா 300-க்கு விற்றுவிட்டால்?

இந்தக் கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. பிரான்சில் 1804-ன் நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகளுக்குச் சமபங்கு என்று வைத்தது; அந்த வழி போன பகுதிகளில் நிலம் துண்டு துண்டாவது பெரிய தலைவலியானது. நார்வேயில் 'ஓடல்' உரிமைப்படி மூத்த பிள்ளைக்குப் பண்ணையை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை உண்டு. 1814 அரசியல் சட்டத்திலேயே அந்த உரிமைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆணுக்கு முதலிடம் என்றிருந்ததை 1974 சட்டம் மாற்றியது. எடுத்துக்கொள்கிறவர் 5 ஆண்டாவது அங்கே குடியிருக்க வேண்டும்; வெளியூரில் இருந்துகொண்டு பெயரை மட்டும் வைத்துக்கொள்வதற்கான உரிமை அல்ல அது.

எனக்குத் தெரிந்தவரை நேர்த்தியான விடை சுவிட்சர்லாந்துடையது. 1994-ல் நடைமுறைக்கு வந்த விவசாய நிலச் சட்டப்படி, தானே பயிர்செய்யப்போகும் வாரிசு, பண்ணையை விளைச்சல் மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 25 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் கூடப்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியின் வடமேற்கு மாநிலங்களில் 1947 முதல் இருக்கும் பண்ணை வாரிசுச் சட்டத்திலும் இதேபோல 20 ஆண்டுக் கட்டு இருக்கிறது. விட்டுக்கொடுத்தது பண்ணை நடப்பதற்காக. நடக்காவிட்டால் விட்டுக்கொடுத்தது திரும்பி வரும். இப்படி ஒரு சட்டம் இல்லாத நாட்டிலும் குடும்ப ஒப்பந்தத்தில் இந்த ஒரு பிரிவை எழுதிக்கொள்ள எதுவும் தடையில்லை. தம்பிகளின் மனத்தாங்கலில் பாதி அதிலேயே தணியும்.

மூத்தவளின் 14 ஆண்டுகளை மறந்துவிடக்கூடாது. வெளியே வாங்கியிருக்கக்கூடிய கூலிக்கும் பண்ணையில் கைச்செலவுக்கு வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் அவள் போட்ட முதல். நிலம் தேறியதில் அவள் பங்கும் இருக்கிறது. வருடா வருடம் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அது கணக்கு. 14 ஆண்டு கழித்து வாயால் சொன்னால் அது புகார்.

'இதெல்லாம் உனக்குத்தானே'

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு போதும். சோமர்செட்டில் ஒருவர், தன் அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரருடைய பண்ணையில் கிட்டத்தட்ட 30 ஆண்டு கூலி வாங்காமல் உழைத்தார். பண்ணைக்காரர் அதிகம் பேசாதவர். 1990-ல் ஒருநாள் தன் ஆயுள் காப்பீட்டுக்கு வந்த போனஸ் அறிவிப்புக் காகிதத்தை இவர் கையில் கொடுத்து, இது என் சாவு வரிக்கு என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். பண்ணை உனக்கு என்பதை அவர் நேரடியாக ஒருபோதும் சொல்லவில்லை. 1997-ல் உயில் எழுதினார். உயிலில் இருந்த வேறொருவருடன் மனக்கசப்பு வந்து அதை ரத்து செய்தார். புதிதாக எழுதாமலே 2005-ல் இறந்தார். சட்டப்படி பண்ணை நெருங்கிய உறவினர்களுக்குப் போக வேண்டியது. வழக்கு உச்சம் வரை போனது. அந்த மனிதரின் சுபாவத்தைத் தெரிந்தவருக்கு அந்தக் காகிதமே வாக்குறுதிதான் என்று நீதிபதிகள் ஏற்று, பண்ணையை உழைத்தவருக்கே கொடுத்தார்கள்.

அவர் ஜெயித்தார், சரி. ஆனால் நான்கு வருடம், மூன்று நீதிமன்றம். 2022-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கில் பெற்றோரே உயிரோடு எதிர்த்தரப்பில் இருந்தார்கள். குறைந்த கூலிக்கு 30 ஆண்டுக்கு மேல் உழைத்த மகனை உயிலிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர் பங்கை இப்போதே பணமாகக் கொடுப்பதா, அல்லது பெற்றோர் காலத்துக்குப் பிறகு சேரும்படி அறக்கட்டளையில் வைப்பதா என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம் என்றது தீர்ப்பு. இப்போதே என்றால் முன்கூட்டிக் கிடைப்பதற்காகத் தொகையில் கழிவு உண்டு.

வாக்குறுதியும் இல்லை, உயிலும் இல்லை என்றால் இன்னும் மோசம். அமெரிக்காவில், குறிப்பாகத் தென் மாநிலக் கறுப்பின விவசாயிகளின் நிலம், உயில் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இறங்கி, டஜன் கணக்கில் பங்காளிகளின் பொதுச் சொத்தாகக் கிடக்கும். அதில் யாரோ ஒரு தூரத்துப் பங்காளியின் சிறு பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போய், பிரிக்க முடியாத சொத்து என்று மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். நிலத்திலேயே குடியிருந்து பயிர்செய்தவர்கள் அடிமாட்டு விலைக்கு இழந்திருக்கிறார்கள். இதைத் தடுக்க 2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. விற்கக் கேட்பவரின் பங்கை மதிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் வாய்ப்பை மற்றப் பங்காளிகளுக்கு அது தருகிறது.

குடும்பத்துக்கு வெளியே கை நீட்டினால்

வாரிசு இல்லை, அல்லது இருக்கும் வாரிசால் தனியாக முடியாது. அப்போது நிலப் பகிர்வு உள்ளே வருகிறது. வடிவங்கள் பல, முக்கியமான நான்கு இவை.

1. ஏணி முறை. நியூசிலாந்தின் பால் பண்ணைகளில் நெடுங்காலமாக இருக்கும் பங்குக் கறவை இதற்கு நல்ல உதாரணம். வேலையாளாகச் சேர்கிறவர் பிறகு பால் வருமானத்தில் ஒரு பங்குக்கு நிர்வாகம் செய்கிறார். அடுத்த படியில் மாடுகள் அவருடையவை, நிலம் சொந்தக்காரருடையது, பால் பணம் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. கன்றுகள் பெருகினால் அதுவே அவருடைய சேமிப்பு. அதை விற்று ஒருநாள் நிலம் வாங்குவது என்பது கனவு. நிலம் விலை ஏறஏற ஏணியின் மேல் படி தூரமாகிவிட்டது என்ற குறை இப்போது அங்கே கேட்கிறது. ஆனாலும் முதல் இல்லாதவர் நுழைய இதைவிட நல்ல வாசல் குறைவு.

2. ஒரே நிலம், பல தொழில். மாடு ஒருவருடையது, கோழி இன்னொருவருடையது, தேனீப் பெட்டி மூன்றாமவருடையது. வர்ஜீனியாவில் ஜோயல் சாலட்டின் குடும்பத்தின் பாலிஃபேஸ் பண்ணையில், மாடு மேய்ந்து போன மூன்று நான்கு நாளில் சக்கரம் வைத்த கோழிக்கூடு அந்த இடத்துக்கு வருகிறது. சாணத்தில் இருக்கும் புழுக்களைக் கோழிகள் கிளறித் தின்கின்றன, சாணம் பரவுகிறது. தனித்தனி ஆட்கள் தனித்தனித் தொழிலைத் தங்கள் பொறுப்பில் நடத்தும் ஏற்பாடும் அங்கே உண்டு. மண் மீட்பு முறைக்கு இயல்பாகப் பொருந்தும் வடிவம் இது, ஏனென்றால் ஒருவரின் கழிவு அடுத்தவரின் இடுபொருள். சண்டையும் அங்கேதான் பிறக்கும்: கோழி இரண்டு நாள் தாமதமாக வந்தால் நஷ்டம் யாருடையது?

3. நிலத்துக்கு ஒரு பெட்டி, தொழிலுக்கு ஒரு பெட்டி. பிரான்சில் 1962 சட்டம் 'ஜி.ஏ.இ.சி.' என்ற கூட்டுப் பண்ணை வடிவத்தைக் கொண்டுவந்தது. அதிகபட்சம் 10 பேர். பங்குதாரர் எல்லோரும் உழைக்க வேண்டும், பணம் மட்டும் போட்டு உட்கார முடியாது. 1970-ல் வந்த 'ஜி.எஃப்.ஏ.' நிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் நிறுவனம். நிலத்தைத் துண்டாக்காமல் பங்குகளைப் பிள்ளைகளுக்குள் பிரிக்கலாம். நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு உழைக்கும் பிள்ளைக்கோ வெளியாளுக்கோ விடலாம். பத்திரமும் பிடியும் இதில் சட்டப்படியே பிரிந்துவிடுகின்றன. தம்பிகள் பங்குதாரர்கள், அக்கா குத்தகைதாரர்.

4. நிலத்தைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடுவது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஃபோர்டால் பண்ணை. ஆர்தர் ஹாலின்ஸ் 1929-ல் 14 வயதில், களைத்துப்போன மண்ணோடு அதைப் பொறுப்பேற்று, காட்டு மண்ணைப் பார்த்துப் பாடம் படித்து, உழவையும் ரசாயனத்தையும் விட்டு அதை மீட்டவர். ஆனால் நிலம் குத்தகை நிலம். வெளியேற வேண்டிய நிலை வந்தது; ஆர்தர் 2005-ல் இறந்தார். அவருடைய மகள் ஷார்லட்டும் மகன் பென்னும், இருவரும் அப்போது இருபதுகளில், ஆளுக்கு 50 பவுண்டு பங்கு என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். 8,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். 2006 ஜூலையில் ஒரு சமூக அமைப்பின் பெயரில் நிலம் வாங்கப்பட்டு, 100 ஆண்டுக் குத்தகைக்குப் பண்ணை நடத்துபவரிடம் கொடுக்கப்பட்டது. பங்குக்கு லாபம் கிடையாது. பிரான்சில் 2003-ல் தொடங்கிய 'தேர் த லியான்' இதையே நாடு தழுவிய அளவில் செய்கிறது: மக்களின் சேமிப்பில் நிலம் வாங்கி, மண்ணையும் நீரையும் காக்கும் நிபந்தனைகளோடு விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறது.

இந்த நான்காவது வடிவத்தைச் சர்வரோக நிவாரணி போலப் பேசுகிறவர்கள் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளும் சமூக உரிமைப் போராளிகளும் சேர்ந்து 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பொது நில அமைப்பை உருவாக்கினார்கள். அந்நாட்டுச் சமூக நில அறக்கட்டளைகளுக்கு அதுவே முன்னோடி. சுமார் 5,700 ஏக்கர். வறட்சி வந்தது, அரசுக் கடன் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, 1985-ல் நிலம் கடனில் மூழ்கியது. கடன் தருவதில் அரசு காட்டிய பாரபட்சத்துக்கான இழப்பீடாக 1.2 கோடி டாலர் கிடைத்தது 2009-ல்தான். வாரிசுச் சண்டையிலிருந்து அறக்கட்டளை காப்பாற்றும்; கடன்காரரிடமிருந்து காப்பாற்றாது.

ஒப்பந்தத்தில் எதைத் தேட வேண்டும்?

வடிவம் எதுவானாலும், மண் மீட்புப் பண்ணைக்கான ஒப்பந்தத்தில் வழக்கமான குத்தகைச் சீட்டில் இல்லாத சில விஷயங்கள் வேண்டும்.

1. காலம். பிரான்சில் சாதாரண விவசாயக் குத்தகையே குறைந்தது 9 ஆண்டு. நீண்ட காலக் குத்தகை 18 ஆண்டிலிருந்து. ஓராண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு மண்ணைப் பற்றிப் பேசுவது வீண்.

2. முதல் நாள் மண். குத்தகை தொடங்கும்போதே இன்ன துண்டில், இன்ன ஆழத்தில், இன்ன மாதத்தில் எடுத்த மண்ணின் கரிம அளவு, தண்ணீர் இறங்கும் வேகம், ஒரு மண்வெட்டி மண்ணில் இருக்கும் புழுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். முடியும்போது அதே இடம், அதே ஆழம், அதே மாதம். மாதமும் ஆழமும் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. விஷயம் தெரியாமல் போடும் ஒப்பந்தங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கூடியிருந்தால் எவ்வளவு இழப்பீடு, குறைந்திருந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. ரோதம்ஸ்டெட் அட்டவணையின் பேரன் இது.

3. மரம். நட்டவருக்கா, நிலத்துக்கா? பல நாட்டுச் சட்டங்களில் வேரோடியது நிலத்தோடு சேர்ந்தது. வேறு மாதிரி வேண்டும் என்றால் எழுதினால்தான் உண்டு.

4. முடிவு யாருடையது. எதை ஒருவரே தீர்மானிக்கலாம், எதற்கு இருவர் சம்மதமும் வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் போவது. ஆழ உழவு, களைக்கொல்லி, பெரிய கடன் மூன்றும் இரண்டாவது பட்டியலில் இருக்கட்டும்.

5. பிரியும் வழி. நோய், விவாகரத்து, மரணம், வெறும் சலிப்பு. சேரும்போது பேச அசிங்கமாக இருக்கும் விஷயங்கள். ஆனால் நட்பாக இருக்கும்போது மட்டுமே இவற்றை நட்பாகப் பேச முடியும்.

மூத்தவர்கள் எங்கே தூங்குவார்கள்?

இவ்வளவும் காகிதத்தில் சரியாக இருந்தும் பல திட்டங்கள் நகர்வதில்லை. ஒப்படைக்க மனமில்லை என்று மூத்தவர்களைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் மனம் அல்ல, பணம். வாழ்நாள் முழுக்க வந்த வருமானத்தைத் திரும்ப நிலத்திலேயே போட்டவரிடம் ஓய்வூதியம் இருக்காது. வீடு பண்ணைக்குள் இருக்கும். பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் மருந்துச் செலவுக்கு மருமகளிடம் கை நீட்ட வேண்டும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் செய்வார்கள்.

நடு ஐரோப்பாவிலும் வட ஐரோப்பாவிலும் இதற்குப் பல நூற்றாண்டுப் பழமையான ஓர் ஏற்பாடு உண்டு. ஜெர்மனியில் 'ஆல்டென்டைல்', பின்லாந்தில் 'சூட்டிங்கி'. பண்ணையை மகனுக்கோ, மகன் இல்லாவிட்டால் வெளியாளுக்கோ கொடுக்கும்போது, மூத்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை ஒப்பந்தமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள்: பக்கத்தில் ஒரு சிறு வீடோ அறையோ, ஆண்டுக்கு இத்தனை அளவு தானியம், இத்தனை பால், வெட்டி அடுக்கிய விறகு, முடியாமல் போனால் பராமரிப்பு. அன்பு இருக்கும்போதே அதை அளந்து எழுதினார்கள். சொந்த மகனிடமே எழுதி வாங்குவதா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் எழுதியதால்தான் உயிரோடு இருக்கும்போதே பண்ணையைக் கொடுக்க முடிந்தது.

இன்றைக்கு அதே வேலையைச் செய்ய வேறு கருவிகள் இருக்கின்றன: வீட்டின் மேல் மட்டும் ஆயுட்கால உரிமை, நிலத்தை ஒரேயடியாக விற்காமல் பல ஆண்டுத் தவணையாகக் கைமாற்றி அந்தத் தவணையையே மாத வருமானமாக்குவது, இளையவர் சேரும் நாளிலிருந்தே பண்ணைக் கணக்கில் மூத்தவர்களுக்கான ஓய்வு நிதியை ஒரு செலவினமாகப் போடுவது. மூன்றாவதை 20 ஆண்டு முன்பே தொடங்கினால், கைமாறும் நாளில் மூத்தவர்களுக்கு நிலத்திலிருந்து எடுக்க வேண்டிய தொகை சிறியதாக இருக்கும். தம்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க இடம் பிறப்பதும் அங்கிருந்துதான்.